வட சென்னைக்கு அரசு செவிலியர் கல்லூரி: சட்டத்தில் எதை எழுத வேண்டும்?

தண்டையார்பேட்டையில் இருந்து சட்டம் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நைஜீரியாவில் பின்தங்கிய பகுதிகளில் செவிலியர், மகப்பேறு செவிலியர் கல்லூரி தொடங்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டு வருகிறார்கள். அதேபோல வட சென்னைக்கு ஒரு அரசு நர்சிங் பட்டக் கல்லூரி அமைக்க நம் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவர முடியுமா? எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக ஒரு வரைவு எழுதப்போகிறேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?"

நான் வக்கீல் இல்லை தம்பி. பிரசவ வார்டில் பதினோரு வருடமும், செவிலியப் போதகராக இருபத்திரண்டு வருடமும் வேலை பார்த்தவள். நர்சிங் கவுன்சிலில் இருந்து ஆய்வுக்கு வரும்போதெல்லாம் ஃபைல்களைத் தயார் செய்து வைத்தவள். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

சட்டம் கொண்டுவர முடியும். ஆனால் கல்லூரியைத் திறக்க அது தேவையில்லை, ஒரு அரசாணையே போதும். திறந்த பிறகு அங்கே ஒழுங்காகப் பாடமும் பயிற்சியும் நடக்க வேண்டுமே, அதற்குத்தான் சட்டம் உதவும். உங்கள் வரைவு முழுக்க இந்த இரண்டாவது விஷயத்தில் நின்றால் நல்லது.

முதலில் இங்கே நடைமுறை என்னவென்று பார்த்துவிடுவோம். மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது அமைச்சர் பேரவையில் அறிவிப்பார். நிதித்துறை ஒப்புக்கொண்டால் அரசாணை வரும். அதில் கட்டடத்துக்கான தொகை, பணியிடங்கள், எத்தனை மாணவர்கள் என்பதெல்லாம் இருக்கும். அப்புறம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைவு வாங்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. படித்து முடித்த பிள்ளைகள் பதிவு செய்வது மாநில செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில். அதற்கு வேர் 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம். மத்தியில் 1947-இல் இருந்து இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தப் புதிய சட்டப்படி புதுக் கல்லூரிக்கு மதிப்பீட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். வாரியம் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் ஆணையத்திடமும், அதற்கும் மேலே மத்திய அரசிடமும் முறையிடலாம்.

நைஜீரியாவில் ஏன் மசோதா என்றால், அங்கே மத்திய அரசின் கல்லூரி ஒவ்வொன்றும் தனக்கென்று ஆட்சிக்குழு, தலைவர், சொத்து எல்லாம் உள்ள தனி அமைப்பு. அந்த அமைப்பை உருவாக்கச் சட்டம் வேண்டும். நம் நாட்டிலும் அப்படி உண்டு. புதுச்சேரி ஜிப்மருக்கு 2008-லும், பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு 2012-லும் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியோ செவிலியர் கல்லூரியோ துறையின் ஓர் அங்கம். அதனால்தான் அரசாணையோடு வேலை முடிந்துவிடுகிறது.

அதிகார வரம்பில் மட்டும் கவனமாக இருங்கள். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் ஆறாவது பதிவு. கல்வி பொதுப் பட்டியலில் 25. மருத்துவம் போன்ற தொழில்கள் அதே பட்டியலில் 26. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலில் 66. ஆகவே பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, தேர்வு முறை என்று உங்கள் வரைவில் எழுதப் போனால், மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் செல்லாது என்கிற 254-ஆம் பிரிவில் போய் முட்டிக்கொள்ளும். அவற்றைத் தொடவே வேண்டாம். மருத்துவமனை, பணியிடம், பணம், பேருந்து, விடுதி இவை மாநிலத்தின் கையில் இருப்பவை. நம் பிள்ளைகள் அடிபடுவதும் இவற்றில்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவிலியர் கல்லூரிக்குக் கட்டடம் இரண்டாம் பட்சம். படிப்பு நடப்பது வார்டில். இந்த ஊரில் பயிற்சி பிறந்ததும் அப்படித்தான். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கியது. பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-லேயே ஆரம்பித்தது. அன்றைக்குத் தனிக் கல்லூரி என்று எதுவும் கிடையாது. வார்டும் அதில் மூத்த சிஸ்டரும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் பாடம் எடுத்த காலத்துப் பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஒவ்வொரு மாணவியும் 20 சுகப்பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும். பிரசவம் முடிந்த 20 தாய்மாரைக் கவனித்திருக்க வேண்டும். வகுப்பில் 60 பேர் என்றால் ஒரு வகுப்புக்கு மட்டும் 1,200 சுகப்பிரசவம் வேண்டும். சிசேரியன் இதில் சேராது. அதே லேபர் வார்டில் டிப்ளமோ நர்சிங் பிள்ளைகள் நிற்பார்கள், ஹவுஸ் சர்ஜன்கள் நிற்பார்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 பேர் எம்.பி.பி.எஸ். சேருகிறார்கள், அவர்களும் பிரசவம் பார்த்துக் கற்க வேண்டும். ஒரு மேஜையைச் சுற்றி ஏழு பேர் நின்றால், பிரசவ வலியில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெருமையான விஷயம். அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம். அதாவது பெண்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள், ஆனால் சுகப்பிரசவத்தைப் பொறுமையாகக் கூட இருந்து பார்க்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கல்லூரியின் பெயரில் 'மகப்பேறு' என்ற சொல் இருக்க வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான். 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மகப்பேறு செவிலியர் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சியும், சிக்கலில்லாத பிரசவங்களை மகப்பேறு செவிலியரே முன்னின்று பார்க்கும் தனிப் பிரிவும் அதில் உண்டு. வட சென்னைக் கல்லூரியோடு சேர்த்து அப்படி ஒரு பிரிவைக் கேளுங்கள்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டுப் பிள்ளை. அப்பா விசைப்படகில் போகிறவர். முதல் பிரசவம் பார்க்கிற அன்று நைட் டியூட்டி. கையுறை போட்ட பிறகும் விரல்கள் நடுங்கின. நான் பின்னால் நின்று, "அம்மா முகத்தைப் பாரு, கடிகாரத்தைப் பார்க்காதே" என்றேன். "தலை தெரியுது மேடம்" என்றாள். இடது உள்ளங்கையைத் தலைமேல் லேசாக வைத்து, வேகமாக வெளியே வந்துவிடாமல் தாங்கினாள். வலது கையில் துணி மடித்துக் கீழே முட்டுக் கொடுத்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள், நான் சொல்லாமலேயே. குழந்தை அழுதது. துடைத்து அம்மா நெஞ்சில் போட்டுவிட்டுத்தான் அவள் மூச்சு விட்டாள். தையல் தேவைப்படவில்லை. விடியற்காலையில், பார்த்த பிரசவங்களை மாணவிகள் பதிந்து வைக்கும் கேஸ் புத்தகத்தில் 'வரிசை எண் 1' என்று எழுதி என் கையெழுத்துக்காக நீட்டியபோது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பெட்டாடின் கறை இருந்தது. அப்படிப்பட்ட இருபது பக்கங்கள் சேர்ந்தால்தான் ஒரு பெண்ணைச் செவிலியர் என்று பதிவு செய்ய வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, புறநகரில் ஒரு தனியார் கல்லூரி பாடம் எடுக்கக் கூப்பிட்டது. போனேன். மூன்றாவது வாரம் கேஸ் புத்தகங்களைத் திருத்தக் கொடுத்தார்கள். நாற்பது புத்தகத்திலும் ஒரே எடை, ஒரே நேரம், ஒரே வரிசையில் பிரசவங்கள். பிள்ளைகளைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். லேபர் வார்டை அவர்கள் வாசலோடு பார்த்திருக்கிறார்கள், உள்ளே போகவே இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை, மறுநாள் போவதையும் நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகள் இன்று எங்கேயோ வேலையில் இருக்கிறார்கள். தவறு அவர்களுடையது இல்லை. வார்டு இல்லாத இடத்தில் கல்லூரியைத் திறந்ததுதான் தவறு.

ஆகவே உங்கள் வரைவின் முதல் பிரிவு வார்டைப் பற்றியதாக இருக்கட்டும். வட சென்னைக்கு இதில் பெரிய வசதி உண்டு, ஒரு பெரிய சுவரும் உண்டு. வசதி என்னவென்றால் நம்மிடம் ஸ்டான்லி இருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிகள் சொன்னது அதைத்தான். மருத்துவக் கல்லூரியானது 1938-இல். டிப்ளமோ செவிலியர் பயிற்சியும் அங்கே உண்டு. பிரசவத்துக்கு ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை, ஓட்டேரியில் காசநோய்க்கான நெஞ்சக மருத்துவமனை, பெரியார் நகரில் அரசு மருத்துவமனை, அப்புறம் மாநகராட்சியின் நகர்ப்புறச் சுகாதார நிலையங்கள். ஒரு செவிலியருக்குத் தெரிய வேண்டிய நோயெல்லாம் பேசின் பிரிட்ஜைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

சுவர் என்னவென்றால் துறைகள். ஸ்டான்லியும் ஆர்.எஸ்.ஆர்.எம்.மும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாநகராட்சி மருத்துவமனைகள் நகராட்சி நிர்வாகத் துறையின் பக்கம். இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளை அந்தப் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் கடிதம், பதில் கடிதம், ஒப்பந்தம், புதுப்பித்தல். அதிகாரி மாறினால் மறுபடியும் முதலில் இருந்து. ஒரு வருடம் அனுமதி வரத் தாமதமானதால் என் மாணவிகள் இரண்டு மாதம் டெமோ அறையில் பொம்மையை வைத்தே பிரசவம் பார்த்தார்கள். அரசாணையால் இந்தச் சுவரை நிரந்தரமாகத் தாண்ட முடியாது, அடுத்த சுற்றறிக்கையே அதைக் கலைத்துவிடலாம். சட்டத்தால் முடியும். "இன்னின்ன மருத்துவமனைகள் இந்தக் கல்லூரியின் பயிற்சி மருத்துவமனைகள் ஆகும்" என்று அட்டவணையில் பெயர் பெயராக எழுதி, அவை எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் இடம் தர வேண்டும் என்று வையுங்கள். ஒரு பிரசவத்துக்கு ஒரு மாணவி மட்டும், அதுவும் தாயின் சம்மதத்தோடு என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

சமுதாய நலப் பயிற்சிக்கு எண்ணூர், மணலிப் பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீடுகளுக்குள் படிந்தது. வாயு பட்டால் கண்ணை எவ்வளவு நேரம் கழுவ வேண்டும், யாரை முதலில் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்று தெரிந்த செவிலியர் அந்தந்தக் குப்பத்திலேயே இருக்க வேண்டாமா? அந்தத் தெருக்களில் நடந்து பழகியவளுக்குத்தான் அது கைவரும்.

இரண்டாவது பிரிவு ஆசிரியர்கள். நர்சிங் கவுன்சில் விதிப்படி பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆண்டுக்கு 60 பேர், நான்கு ஆண்டு, ஆக 240 மாணவர்கள். 24 ஆசிரியர்கள் வேண்டும். புதுக் கல்லூரி திறக்கும்போது வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? வேறு மருத்துவமனையில் இருந்து 'மாற்றுப் பணி' என்று நான்கைந்து பேரை அனுப்புவார்கள். ஆய்வு முடிந்ததும் அவர்களில் பாதிப் பேர் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். எஞ்சியிருப்பவர் உடற்கூறியலும் எடுப்பார், விடுதியும் பார்ப்பார், வார்டுக்கும் போவார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு முதலில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் தந்தார்கள். நிரந்தரம் கேட்டு 2017-இல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்ததை இந்த ஊரே பார்த்தது. ஆசிரியர் பணியிடத்துக்கும் அந்தக் கதி வரக்கூடாது. 24 பணியிடங்களும் நிரந்தரம், அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிக்கொடுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு மேல் காலியாக இருந்தால் அதற்கான காரணத்தைப் பேரவையில் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்க ஆயிரம் பேர் வருவார்கள். காலிப் பணியிடத்தைக் கேட்க யாரும் வருவதில்லை.

சேர்க்கை விஷயத்தில் உங்களுக்கு ஆசை இருக்கும்: வட சென்னைப் பிள்ளைகளுக்கே பாதி இடம் என்று. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் பின்கோடு வைத்து இடம் ஒதுக்கினால், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவின் முன் அது நிற்பது கஷ்டம். இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தை நம் பேரவை 2020-இல் நிறைவேற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே பாதையில், 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு உட்பட்டு, அரசு, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள் ஒதுக்கீடு கேளுங்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அந்தப் பள்ளிகளில்தானே.

இடம் கிடைத்தால் போதாது, படிப்பை முடிக்கவும் வேண்டும். நான் சொன்ன காசிமேட்டுப் பிள்ளை முதல் வருடம் வீட்டில் இருந்தே வந்தாள். காலை ஏழு மணி டியூட்டிக்கு ஐந்தரைக்குக் கிளம்புவாள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால், கன்டெய்னர் லாரி வரிசை நின்றால், அன்றைக்குத் தாமதம். வருகைப் பதிவில் சிவப்பு மை. பகல் டியூட்டி முடிந்து போய்த் தம்பி தங்கைக்குச் சமைப்பாள். இரண்டாம் வருடம் விடுதி கிடைத்த பிறகுதான் மதிப்பெண் ஏறியது. வீடு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது என்று விடுதியை மறுக்கக் கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுதலாமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். எழுதுங்கள். விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான்.

அடுத்தது பணமும் பேரவை நடைமுறையும். உங்கள் எம்.எல்.ஏ. தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவரலாம். ஆனால் மாநிலத் தொகுப்பு நிதியில் இருந்து செலவு வைக்கும் மசோதா என்பதால் 207-ஆம் பிரிவின்படி ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது. நடைமுறையில் அரசு ஒத்துக்கொள்ளாமல் அது நகராது. ஆகவே மசோதாவை அரசே கொண்டுவர வைப்பதுதான் வழி. எம்.எல்.ஏ.வைப் பாருங்கள், பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் ஒன்று அனுப்புங்கள். மார்ச் 2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தோடு இதைக் கோத்துக் கேட்டால் காது கொடுப்பார்கள்.

மத்தியத் திட்டத்தில் கிடைக்காதா என்று யாராவது கேட்பார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 செவிலியர் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ஒதுக்கியது. கல்லூரிக்குப் பத்துக் கோடி. தமிழ்நாட்டுக்கு 11. ஆனால் 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு மட்டும்தான் அவற்றைச் சேர்க்க முடியும். நம் ஸ்டான்லி 1938. பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதே அங்கே தகுதியின்மை ஆகிவிட்டது. இந்த ஒரு உண்மையை உங்கள் மனுவின் முதல் பத்தியில் வையுங்கள். மாநில அரசு ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

வரைவை எழுத உட்காருவதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள். ஒன்று, ஆர்.எஸ்.ஆர்.எம்.மிலும் வட சென்னையில் உள்ள மாநகராட்சிப் பிரசவ மருத்துவமனைகளிலும் கடந்த மூன்று ஆண்டில் மாதவாரியாக எத்தனை சுகப்பிரசவம், எத்தனை சிசேரியன். இரண்டு, அந்த லேபர் வார்டுகளில் இப்போது எந்தெந்தப் படிப்பு மாணவர்கள் எத்தனை பேர் பயிற்சி எடுக்கிறார்கள். இரண்டு எண்ணும் கையில் வந்த பிறகு 60 இடம் கேட்கலாமா 40 கேட்கலாமா என்று முடிவு செய்யலாம். 40-தான் தாங்கும் என்றால் 40 கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அட்டவணையில் எந்த மருத்துவமனையை எந்த வருட மாணவிகளுக்கு ஒதுக்குவது என்று உட்கார்ந்து பிரித்துத் தருகிறேன்.